ஒரே ஒரு ஜீனைப் படித்தால் வேலை கிடைக்குமா?

ஐயா, மகள் எம்.எஸ்சி. பயோடெக் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு குரோமோகிரானின் ஏ என்ற ஒற்றை ஜீனை எடுத்திருக்கிறாள், இதற்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் ஜீனின் பெயரை விடுங்கள், அந்த ப்ராஜெக்டில் அவள் கை எதைச் செய்யப் பழகுகிறது என்று பாருங்கள்.

இந்த ஜீன் மனிதரில் 14ஆம் குரோமோசோமில், 8 எக்ஸான்களோடு (புரதத்துக்கான குறிப்பு இருக்கும் துண்டுகள்) இருக்கிறது. உடம்பின் எல்லா செல்லிலும் இருந்தாலும் அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதி, கணையம், குடல் போன்ற இடங்களில் ஹார்மோன் சுரக்கும் நியூரோஎண்டோகிரைன் செல்களில்தான் இது மும்முரமாக வேலை செய்யும். அது ஏன் என்பதுதான் அவளுடைய கேள்வி. ஜீனுக்கு முன்னால், அதை இயக்கும் சுவிட்ச் மாதிரி ப்ரோமோட்டர் என்ற பகுதி உண்டு, அதில் சி.ஆர்.இ. என்று 8 டி.என்.ஏ. எழுத்து நீளத்தில் ஒரு துண்டு, கிரெப் என்ற புரதம் அதில் வந்து ஒட்டும். அந்தத் துண்டைக் கெடுத்துவிட்டால் ஜீனின் வேலை வெகுவாகக் குறைந்துவிடும். இதைச் சோதிக்க ப்ரோமோட்டரை வெட்டி ஒளி உண்டாக்கும் லூசிஃபெரேஸ் ஜீனோடு இணைத்து, செல்லுக்குள் செலுத்தி, வரும் ஒளியை அளப்பார்கள். பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பல நகலாக்குவது), குளோனிங் (டி.என்.ஏ. துண்டை வேறொரு டி.என்.ஏ.வில் ஒட்டிப் பெருக்குவது), செல் கல்ச்சர் (செல்களை லேபில் வளர்ப்பது) எல்லாம் இதிலேயே அடங்கிவிடும், நேர்காணலில் கேட்பதும் இவற்றைத்தான்.

மருத்துவத்திலும் இதற்கு இடம் உண்டு. நியூரோஎண்டோகிரைன் கட்டி உள்ளவர்களுக்கு ரத்தத்தில் இந்த ஜீன் உண்டாக்கும் குரோமோகிரானின் ஏ புரதத்தின் அளவைப் பார்ப்பார்கள். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரை சாப்பிடுபவருக்குக் கட்டியே இல்லாமலும் அளவு ஏறும், ஏனென்றால் அமிலம் குறைந்ததும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் கூடி, இந்தப் புரதத்தைச் சுரக்கும் வயிற்றுச் செல்களைத் தூண்டிவிடுகிறது. ஜீன் எப்படிக் கட்டுப்படுத்தப்படுகிறது என்று புரிந்த பெண்ணுக்கு இப்படிப்பட்ட ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்வது எளிது. இதே புரதத்திலிருந்து கேட்டஸ்டாட்டின் என்ற சிறு துண்டும் வருகிறது, ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ளது, சென்னை ஐஐடியிலேயே இதில் ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

சரி, சம்பளம். எம்.எஸ்சி.யோடு நிறுத்தினால் பெங்களூரு, ஹைதராபாத் ஆராய்ச்சி நிறுவனங்களில் வேலை உண்டு, ஆனால் ஆரம்பச் சம்பளம் குறைவு, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். பிஎச்.டி. ஆசை இருந்தால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் லைஃப் சயின்சஸ் எழுதட்டும், அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

அப்புறம், குளோனிங்கை அவளே செய்யப்போகிறாளா, சீனியர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கப்போகிறாளா என்று கைடிடம் இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள். வெறுமனே பார்ப்பதுதான் என்றால் தயங்காமல் வேறு லேப் தேடட்டும்.