முழங்காலில் பர்சா வீங்கினால் மூட்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: வயது 52, சர்க்கரை உண்டு. இடது முழங்காலின் உட்புறம், மூட்டுக்குச் சற்றுக் கீழே வலி. படியேறினால் உயிர் போகிறது. எம்ஆர்ஐ அறிக்கையில் 'பர்சா அழற்சி, தேய்மானம்' என்று இருக்கிறது. ஸ்கேனுக்கு அழைத்துப்போனவர், மூட்டை மாற்ற வேண்டும், நல்ல ஆஸ்பத்திரி தெரியும் என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அம்மா, நீங்கள் சொல்லும் இடம் மூட்டே இல்லை. தசைநாண் எலும்பில் உரசாமல் இருக்க நடுவே மெல்லிய நீர்ப்பை ஒன்று உண்டு, அதுதான் பர்சா. முழங்காலைச் சுற்றி இப்படிப் பத்துக்கு மேல் இருக்கின்றன. தொடையிலிருந்து இறங்கும் மூன்று தசைநாண்கள் கால் எலும்பின் உட்புறத்தில் வாத்துப் பாதம்போல் விரிந்து ஒட்டுகின்றன. அவற்றுக்கு அடியில் உள்ள பை வீங்கினால் இந்த வலி வரும். மூட்டு இடுக்கிலிருந்து மூன்று விரற்கடை கீழே அமுக்கிப் பாருங்கள். சுள்ளென்றால் பெரும்பாலும் இதுதான். இதற்காக மூட்டை மாற்றுவது, கீல் கிறீச்சிடுகிறது என்று நிலையையே பெயர்ப்பதுபோல.

தேய்மானம் என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஐம்பதைத் தாண்டிய முழங்காலில் அது பெரும்பாலும் தெரியத்தான் செய்யும். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். ஸ்கேனுக்குக் கூட்டிப்போனால் ஒரு கமிஷன், ஆபரேஷனுக்குச் சேர்த்துவிட்டால் இன்னொன்று. என்னிடம் வந்த ஒருவர் ஒரே முழங்காலுக்கு மூன்று எம்ஆர்ஐ வைத்திருந்தார். வலிக்கும் இடத்தில் விரல் வைத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. 2017இல் செயற்கை மூட்டின் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்தது. இந்தக் கமிஷனுக்கு யார் வைப்பது?

சரி, செய்ய வேண்டியது. சில வாரம் தரையில் உட்காருவது, குந்துவது வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்கு 15 நிமிடம். தூங்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை. தொடையின் பின்தசையை இழுத்துவிடும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொள்ளுங்கள். எண்ணெய் போட்டு முரட்டுத்தனமாக நீவ யாரையும் விடாதீர்கள்.

ஊசி விஷயத்தில் மட்டும் உங்களுக்குக் கணக்கு வேறு. பர்சாவில் போடும் ஸ்டீராய்டு ஊசி வலியைக் குறைக்கும். ஆனால் சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். போடுவதற்கு முன்பே சர்க்கரை இருப்பதைச் சொல்லுங்கள், ஊசி போடும் மருத்துவரே கேட்கட்டும் என்று இருக்காதீர்கள். போட்ட பிறகு ஒரு வாரம் வீட்டிலேயே சோதியுங்கள். ஏறினால் மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள். சர்க்கரை மருத்துவரைக் கேளுங்கள். வலி மாத்திரையையும் கடையில் நீங்களாக வாங்க வேண்டாம், சிறுநீரகம் பத்திரம்.

அந்த இடம் சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆறு வாரத்தில் வலி குறையாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அழைத்துப்போக உங்கள் மகனோ மகளோ போதும்.