அச்சுக்கூடக் கேள்வி-பதில்: பச்சை டிக் வந்தும் நிறம் ஏன் மாறுகிறது?

கேள்வி: அண்ணே, பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னதாக டிசைன் சென்டர் வைத்திருக்கிறேன். எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளுக்கு நோட்டீஸும் கேட்லாகும் செய்து, வெளியே ஆஃப்செட்டில் அடிக்கக் கொடுக்கிறேன். போன மாதம் கடன் வாங்கி நல்ல மானிட்டரும் திரையில் நிறம் அளக்கும் கருவியும் வாங்கினேன். கேலிப்ரேஷன் (திரையின் நிறத்தை அளந்து சரிசெய்வது) முடிந்ததும் சாஃப்ட்வேர் பச்சை டிக் காட்டுகிறது, சராசரி வித்தியாசம் 0.6 என்கிறது. ஆனாலும் ஆர்ட் பேப்பரில் அரக்கும் மயில் கழுத்தும் திரையில் பார்த்ததுபோல் வரவில்லை. கலர் சார்ட் (நிறக் கட்டங்கள் அடங்கிய பட்டியல்) போட்டுச் சோதிக்கச் சொல்கிறார்கள். எதை, எப்படிப் போடுவது?

பதில்: தம்பி, அந்தப் பச்சை டிக்கை நம்பி நானும் ஒருமுறை 5,000 ஷீட்டைக் குப்பையில் போட்டிருக்கிறேன். ராயபுரத்தில் ப்ரீ-பிரஸ், அதாவது அச்சுக்கு முந்தைய கோப்புத் தயாரிப்பு வேலையில் இருந்த காலம். ஆடித் தள்ளுபடி நோட்டீஸ். கடைக்காரர் புடவையையே தூக்கிக்கொண்டு வந்து ஷீட்டுக்குப் பக்கத்தில் விரித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். அன்றைக்கு இரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

சாஃப்ட்வேர் செய்கிற சோதனை, தானே கேள்வித்தாள் எழுதித் தானே திருத்துகிற மாதிரி. கொஞ்சம் ஆர்.ஜி.பி. (திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளி) கட்டங்களைத் திரைக்கு அனுப்பும். சற்று முன் தான் தயாரித்த ப்ரொஃபைல் (எந்த எண்ணுக்கு எந்த நிறம் வரும் என்று சொல்லும் கோப்பு) சொன்னபடி அவை வந்தனவா என்று பார்க்கும். மை, பேப்பர், மெஷின் எதுவும் அந்தக் கணக்கில் கிடையாது. மானிட்டர் ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு அந்த 0.6 போதும். அச்சைக் காட்டுகிறதா என்று தெரிய, சார்ட் சி.எம்.ஒய்.கே.-யில், அதாவது சயான், மெஜெண்டா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு அச்சு மைகளின் கணக்கில் இருக்க வேண்டும். அது நீங்கள் வேலைக்குப் பயன்படுத்தும் அதே அச்சு ப்ரொஃபைல் வழியாகத் திரைக்கு வரவும் வேண்டும்.

சந்தையில் 72 கட்டங்கள் கொண்ட ஃபோக்ரா மீடியா வெட்ஜ் (ஜெர்மனியின் ஃபோக்ரா அச்சு ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனைச் சார்ட்) கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் நீங்களே ஒன்று போடலாம். வெறும் பேப்பர் வெள்ளை, நாலு மையும் 100 சதவீதம், பிறகு இரண்டிரண்டு மை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வரும் சிவப்பு, பச்சை, நீலம். கறுப்பு 50 பக்கத்திலேயே சயான் 50, மெஜெண்டா 40, மஞ்சள் 40. இந்த ஜோடியைத் தவறாமல் வையுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக வர வேண்டும், லேசாகச் சாய்ந்தாலும் கண்ணே சொல்லிவிடும். அப்புறம் உங்கள் பிழைப்புக்கான கட்டங்கள்: அரக்குக்கு நாலு, மயில் கழுத்துக்கு நாலு, முகத்தோலுக்கு ரெண்டு.

ஃபோட்டோஷாப்பில் ப்ரூஃப் செட்டப்பில் (அச்சு எப்படி வரும் என்று திரையில் காட்டும் அமைப்பு) அச்சு ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, பேப்பர் நிறத்தையும் காட்டும்படி டிக் செய்யுங்கள். அதை விட்டால் பேப்பர் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் மானிட்டரின் வெள்ளை வந்து உட்கார்ந்துகொள்ளும், எல்லா அளவும் தப்பாகும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஜே.பி.ஜி.யாக வைத்து அளக்கவே கூடாது.

மானிட்டரை அரை மணி நேரமாவது சூடாக விடுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் திரையின் நடுவில் பெரிதாகக் காட்டி, சுற்றிலும் சாம்பல் நிறம் கொடுங்கள். திரையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் கருவி தானாகப் படியும். கீழே நூல் அளவு வெளிச்சம் புகுந்தாலும் கறுப்புக் கட்டம் கெட்டுவிடும். கருவியின் சாஃப்ட்வேரில் உங்கள் மானிட்டரின் பேக்லைட் வகையைச் சரியாகக் கொடுத்தீர்களா என்றும் பாருங்கள். அங்கே தப்பினால் வெள்ளையே சாய்ந்துவிடும். திரையின் உச்ச வெள்ளையை 100 என்று வைத்துக்கொண்டு லேப் எண்களை (வெளிச்சம், பச்சை-சிவப்பு, நீலம்-மஞ்சள் என்று ஒரு நிறத்தைக் குறிக்கும் மூன்று எண்கள்) எடுங்கள்.

அந்த எண்களை அச்சு ப்ரொஃபைலின் எண்களோடு ஒப்பிட வேண்டும். ஆர்ட் பேப்பர் ஆஃப்செட்டுக்கான ஃபோக்ரா39 அளவில் முழு சயான் 55, -37, -50. வெறும் எஸ்.ஆர்.ஜி.பி. (சாதாரண மானிட்டரின் நிற எல்லை) மானிட்டரால் இந்தச் சயானைக் காட்ட முடியாது, அதைவிட அகலமான அடோபி ஆர்.ஜி.பி. எல்லை அளவுக்கு விரிந்தது காட்டிவிடும். உங்கள் மயில் கழுத்துக் குழப்பத்தில் பாதி இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி புடவையில்: பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம், அசைந்தால் மாறும் பட்டு. அதை நாலு மையால் பிடிக்க முடியாது என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் கணக்கில் சராசரி டெல்டா ஈ (இரண்டு நிறங்களுக்கு நடுவே உள்ள வித்தியாச எண்) 2.5-க்குள், எந்தக் கட்டமும் 5-ஐத் தாண்டாமல் இருந்தால் அந்தத் திரையைப் பார்த்து நிறத்துக்கு ஓகே சொல்லலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கண்ணுக்கு ஒட்டவில்லையென்றால் அறையைப் பாருங்கள். எங்கள் அறையில் சாயங்காலம் எதிர்வீட்டு மஞ்சள் சுவரில் வெயில் பட்டு உள்ளே தெறிக்கும்; நாலு மணிக்கு மேல் சரிபார்த்த வேலையெல்லாம் நீலம் தூக்கலாகப் போகும். ஒரு கனத்த சாம்பல் திரைச்சீலை போட்டதும் தீர்ந்தது. சாதா டியூப்லைட் பெரும்பாலும் 6500 கெல்வின். ஷீட்டைப் பார்க்க 5000 கெல்வின் விளக்கு வேண்டும். அச்சைப் பார்க்கும் வெளிச்சத்துக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 3664 சொல்லும் 2000 லக்ஸ் வெளிச்சம், இரண்டு தாள்களை ஒப்பிடுவதற்கு. மானிட்டர் பக்கத்தில் அவ்வளவு வெளிச்சம் வைத்தால் திரை செத்துப்போகும். 500 லக்ஸில் வெள்ளை ஆர்ட் பேப்பர் சுமார் 135 கேண்டெலா பிரகாசம் தரும். திரையின் பிரகாசத்தை 140 கேண்டெலாவில் வைத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டும்.

கடைசியாக ஒரு வேலை. அதே சார்ட்டை அடுத்த ஜாப்பில், வெட்டுப்பட்டுப் போகும் ஓரத்தில் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். ஷீட் வந்ததும் அந்தத் துண்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரை எண்கள் சரி, துண்டுதான் மாறுகிறது என்றால் இனி பேச வேண்டியது மெஷின்மேனிடம்.

கேள்வி: கஸ்டமர் வாட்ஸ்அப்பில் படம் பார்த்து ‘கலர் ஓகே’ என்கிறார். அதை வைத்து அச்சுக்கு பிளேட் போடலாமா? — ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: எழுத்துப்பிழைக்கும் போன் நம்பருக்கும் அந்த ஓகே போதும். நிறத்துக்கு வேண்டாம் அம்மா. அவரை உங்கள் திரைக்கு முன்னால் உட்கார வையுங்கள், இல்லையென்றால் ப்ரூஃப் பிரிண்டில் (அச்சுக்கு முன் எடுக்கும் மாதிரித் தாள்) கையெழுத்து வாங்குங்கள்.