உங்கள் பிள்ளை போட்டியில் ஜெயிக்க வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொள்வது சரியா? அம்மாக்கள் பதில் சொல்லுங்கள்.

சரியா தவறா தெரியாது. நான் வேண்டியிருக்கிறேன். அதைவிடக் கேவலமாகவும் ஒருமுறை வேண்டியிருக்கிறேன். அம்மாக்களைக் கேட்டிருப்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில். என் மகள் பளு தூக்குகிறாள். இந்த ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் எங்கள் சத்துவாச்சாரிக்காரர்தான். என் பெண்ணுக்கு அப்போது எட்டு வயது. டிவியில் அதைப் பார்த்துவிட்டு, காலி பிளாஸ்டிக் குடத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கூடத்தில் நின்றாள். "அம்மா, மூணு வெள்ளை லைட்டு போடு" என்றாள். தூக்கியது செல்லும் என்று மூன்று நடுவர்களும் சொன்னால் மூன்று வெள்ளை லைட் எரியும், அதை டிவியில் பார்த்திருக்கிறாள். நான் ட்யூப்லைட்டைப் போட்டேன். ஒரு லைட்தானே என்று அழுதாள். நான்கு வருடம் கழித்து கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்தில் சதீஷ் தொடையில் அடிபட்டதோடு போய், ஒரே வீச்சில் தலைக்கு மேலே தூக்கும் ஸ்நாட்சில் 144-ம், மார்புக்குக் கொண்டுவந்து அப்புறம் மேலே தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 173-ம் தூக்கி, மொத்தம் 317 கிலோவில் மறுபடி தங்கம் வாங்கினார். அந்த வருடம்தான் என் பெண் ஜிம்முக்குப் போகணும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

வீட்டில் முதலில் சம்மதித்தது யார் தெரியுமா? என் மாமியார். நானோ என் வீட்டுக்காரரோ இல்லை. அவர் சொன்ன காரணம் இன்னும் விசேஷம்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று. பாலாறும் கோட்டையும் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கின்றன. மூன்றாவது மட்டும் 1981-ல் பொய்யாகிவிட்டது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பல நூறு வருடமாகப் பூஜை இல்லை. லிங்கம் எங்கள் சத்துவாச்சாரியில் ஜலகண்ட விநாயகர் கோயிலில் இருந்தது. 1981 மார்ச் 16-ஆம் தேதி அதை இங்கிருந்து எடுத்துக்கொண்டு போய் கோட்டைக்குள் வைத்தார்கள். மாமியார் அந்தக் காலத்து மனுஷி. "சாமியையே தூக்கி வெச்ச ஊருடி இது. பொட்டப்புள்ள இரும்பத் தூக்கினா இன்னா கொறைஞ்சிடும்?" என்றார். அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

தெருவில் பேசினார்கள். பொம்பளைப் பிள்ளை வெயிட் தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும், நாளைக்குக் குழந்தை பிறக்காது என்று ஒரு அக்கா வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. அப்புறம் ஜிம் மாஸ்டர்தான் கர்ணம் மல்லேஸ்வரி கதையைச் சொன்னார். பெண்களுக்கான பளுதூக்குதலை ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்த்தது 2000-ல், சிட்னியில். அந்த முதல் போட்டியிலேயே 110-ம் 130-ம் தூக்கி வெண்கலம் வாங்கினார். அடுத்த வருடமே ஆண் குழந்தை பெற்றார். இதை அந்த அக்காவிடம் சொன்னேன். "அவங்க ஆந்திரா" என்றார். சரி விடுங்கள். அதே அக்காதான், அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது என்று தெரிந்ததும், தன் பேரனையும் ஜிம்மில் சேர்க்க முடியுமா என்று கேட்டு வந்தார்.

என் வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார். மகளுக்கு இடுப்பு பெல்ட் அவரே தைத்துக் கொடுத்தார். 12 சென்டிமீட்டருக்கு மேல் அகலம் இருந்தால் போட்டியில் விடமாட்டார்கள் என்று 10-ல் நிறுத்தி, ஓரத்தை மெழுகு தேய்த்து மழுக்கி, உள்பக்கம் மெத்தென்று இன்னொரு தோல் வைத்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தார். அந்த வருடம் ஆயுத பூஜைக்கு அவள் அந்த பெல்ட்டையும் ஷூவையும் சாமி படத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டாள். சாமியைத் தூக்கின ஊர் என்று பெருமை பேசிய மாமியாருக்கே இது பொறுக்கவில்லை. "மாட்டுத்தோலக் கொண்ணாந்து சாமிகிட்ட வெக்கிறியே" என்று கத்தினார். என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. "கோயில்ல அடிக்கிற மேளம் எதுல கட்டுனதும்மா?" என்று மட்டும் கேட்டார். மாமியார் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, பெல்ட்டில் பக்கிள் பக்கமாகச் சின்னதாக ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். அந்தக் கறை இன்னும் போகவில்லை.

இப்போது அந்தப் போட்டி நாளுக்கு வருகிறேன்.

மகள் ஒன்பதாவது படிக்கும்போது கடுமையான காய்ச்சல் வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்போது குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டேன்: பிள்ளை பிழைத்து வந்தால், பன்னிரண்டாவது முடித்ததும் முடி காணிக்கை, அதுவரை கத்தரி படாது. முடி இடுப்பைத் தாண்டி வளர்ந்தது. ஜிம்மில் கொண்டை போட்டு வலை மாட்டிக்கொள்வாள். மாஸ்டர் பத்து முறை சொல்லிவிட்டார். நான் விடவில்லை.

பன்னிரண்டாவது படிக்கும்போது வெளியூரில் மாநில அளவில் ஒரு போட்டி. அப்போது அவள் 49 கிலோ பிரிவு. போட்டி தொடங்க இரண்டு மணி நேரம் முன்னால் பாடி வெயிட் எடுப்பார்கள். அதற்கு ஒரு மணி நேரம்தான் அவகாசம். அந்த நேரத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கலாம், ஆனால் 49-க்கு மேல் ஒரு கிராம் இருந்தாலும் அந்தப் பிரிவில் இடமில்லை. முதல் நாள் மத்தியானத்திலிருந்து அவள் தண்ணீர் குடிக்கவில்லை. காலையில் நான் கோயில் தீர்த்தம் ஒரு ஸ்பூன் நீட்டினேன். "அம்மா, அது அஞ்சு கிராம்" என்றாள். தீர்த்தத்துக்குக்கூட கிராம் கணக்குப் பார்க்கும் நிலைமை வந்துவிட்டதே என்று எனக்குக் கோபம்.

முதல் முறை ஏறினாள், 49.25. ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடினாள். வாயில் மிட்டாய் போட்டு எச்சிலைத் துப்பித் துப்பி வந்தாள். மறுபடி ஏறினாள், 49.10. இருபது நிமிடம் பாக்கி. வியர்க்க உடம்பில் தண்ணீரே இல்லை. பெண்கள் அறைக்கு வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், சடையை மட்டும் முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றாள். வாய் திறந்து கேட்கவில்லை.

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 கிராம் கூடிப்போய் மல்யுத்த இறுதிப் போட்டியிலிருந்து வினேஷ் போகட்டை நீக்கினார்களே, முந்தைய ராத்திரி முடியைக்கூட வெட்டிப் பார்த்தார்கள் என்று செய்தி வந்ததே, ஊரே வாயைப் பிளந்தது. எனக்கு மட்டும் ஆச்சரியமில்லை. அந்த 100 கிராமை எனக்கு முன்பே தெரியும்.

கத்தரிக்கோல் இல்லை. எங்கள் பையில் விரலில் சுற்றுகிற டேப் இருந்தது, அதை வெட்டுகிற கத்தரியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். பக்கத்தில் மேல்விஷாரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் மகளும் அதே 49 கிலோதான். முழுக்கை, முழுக்கால் மூடிய இறுக்கமான உடை போட்டுத் தூக்குகிற பெண். 2011-லிருந்து அந்த உடைக்கு உலகப் பளுதூக்கும் சம்மேளனமே அனுமதி கொடுத்துவிட்டது. முழங்கை மடங்குவது நடுவர் கண்ணுக்குத் தெரிந்தால் போதும். அந்த அம்மா எதுவும் கேட்காமல் கைப்பையைத் திறந்து டேப் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, சடையை அவரே பிடித்துக்கொண்டார். "பிஸ்மில்லா சொல்லி வெட்டுங்கம்மா" என்றார். நான் எங்கள் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே வெட்டினேன். டேப் கத்தரி, முடியில் சீக்கிரம் ஏறாது. கயிறு அறுப்பதுபோல் நறநறவென்று ஐந்தாறு முறை இழுக்க வேண்டியிருந்தது.

48.98.

இவள் போட்டியில் இல்லாமல் போயிருந்தால் தன் மகளுக்கு ஒரு ஆள் குறைந்திருக்கும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாதா? தெரியும்.

சடையை மஞ்சப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கேலரியில் உட்கார்ந்தேன். மனசு முழுக்கப் பயம். வேண்டுதலை முறித்தாயிற்று, இனி எதுவும் நடக்கும் என்று. ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்பு, அதிகமாகத் தூக்கியதுதான் கணக்கு. மகள் ஸ்நாட்சில் 60. கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்றாவது முறை 72, மூன்று வெள்ளை லைட். மொத்தம் 132. முதல் இரண்டு இடம் எட்டாத தூரத்தில் இருந்தது. மூன்றாவது இடத்துக்கு இவளும் அந்த மேல்விஷாரம் பெண்ணும்தான். அந்தப் பெண் ஸ்நாட்சில் 58, ஜெர்க்கில் 72, மொத்தம் 130. ஒரு முறை பாக்கி. 75 கேட்டாள். தூக்கிவிட்டால் 133.

அந்த அம்மா எனக்கு இரண்டு சீட் தள்ளி. துப்பட்டாவுக்குள் தஸ்பீஹ் ஜெபமணி உருள்வது தெரிந்தது. அந்தப் பெண் பவுடர் தேய்த்துக்கொண்டு வந்து ராடைப் பிடித்தாள். மார்புக்குக் கொண்டுவந்து எழுந்துவிட்டாள். எனக்கு வயிறு கலங்கியது. அப்போதுதான் வேண்டினேன். என் மகள் ஜெயிக்கணும் என்று இல்லை. அவள் வேலைதான் முடிந்துவிட்டதே. "தாயே, அது கீழ விழணும்." இந்த வார்த்தைதான். மடியில் அறுந்த சடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேண்டினேன்.

விழவில்லை. தலைக்கு மேலே போனது. ஆனால் வலது முழங்கை லேசாக மடங்கி, அப்புறம் நிமிர்ந்தது. ஒரு வெள்ளை, இரண்டு சிவப்பு. செல்லாது. என் வாயிலிருந்து "அப்பாடா" என்று சத்தமாகவே வந்துவிட்டது. அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். கோபமாக எல்லாம் இல்லை. மணியை முத்திக் கைப்பையில் வைத்துவிட்டு, "உங்க பொண்ணுக்கு இன்னைக்கு இருக்கு" என்றார்.

வேண்டிக்கொண்டது பலித்தால் இப்படியும் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. திரும்பி வரும் பஸ்ஸில் மகள் மெடலைப் பிடித்தபடி என் தோளில் தூங்கினாள். மொட்டையாக வெட்டின முடி என் கழுத்தில் குத்திக்கொண்டே வந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரரிடம்கூட அந்த விஷயத்தைச் சொல்லவில்லை. மாமியாரிடம் மட்டும் ராத்திரி சொன்னேன். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டே, "அம்மன் இன்னா உனக்கு வெச்ச ஆளா, நீ சொன்னதும் ஓடியாந்து முழங்கையப் புடிக்க? அந்தப் பொண்ணு முழங்கை அது. போய்ப் படு" என்றார். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அதில் எல்லாம் கிடைக்காத ஆறுதல் அது.

குலதெய்வம் கோயிலுக்கு அந்தச் சடையையே எடுத்துக்கொண்டு போனோம். இது செல்லுமா, மறுபடி மொட்டை போடணுமா என்று பூசாரித் தாத்தாவிடம் கேட்டேன். அவர் சடையைக் கையில் எடுத்து, எடை பார்ப்பதுபோல் ஆட்டிப் பார்த்தார். "எவ்ளோ இருக்கும்?" என்றார். "120 கிராம் தாத்தா" என்றாள் மகள். "செல்லும்" என்றார்.

அந்தக் கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். ஆறேழு மாதம் கழித்து இன்னொரு போட்டியில் பார்த்து நீட்டினேன். "வெச்சுக்கோங்கம்மா, முடி வளந்துடுச்சே, மறுபடி தேவைப்படும்" என்று சிரித்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். டீ குடித்துவிட்டு வந்தேன். அன்று நான் என்ன வேண்டினேன் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

2025 ஜூனில் எடைப் பிரிவுகளை மாற்றிவிட்டார்கள். 49 கிலோ பிரிவையே அப்போது எடுத்துவிட்டார்கள். 48 வந்தது, அடுத்தது 53. என் மகள் 53-க்கு ஏறிவிட்டாள். வயிறாரச் சாப்பிடுகிறாள், தீர்த்தமும் குடிக்கிறாள். அந்தப் பெண் 48-க்கு இறங்கிவிட்டது. இப்போதெல்லாம் விளக்கேற்றும்போது இரண்டு பேர் பெயரையும் சேர்த்தே சொல்லி, முழங்கை நிமிரட்டும் தாயே என்று வேண்டிக்கொள்கிறேன். இரண்டு பேரும் ஒரே பிரிவில் இருந்திருந்தால் இவ்வளவு தாராளமாக வேண்டியிருப்பேனா என்று கேட்காதீர்கள்.