எழுதியது யார் என்று சொல்லாமல் கொடுத்துப் பாருங்கள்

கேள்வி: கல்லூரி நண்பனோடு சேர்ந்து வாரக்கடைசிகளில் சின்னச் சின்ன காமெடி வீடியோ போடுகிறேன். ஸ்கிரிப்ட் நான், நடிப்பது இரண்டு பேரும். எதை எழுதிக் கொடுத்தாலும் குழுவில் எல்லோரும் "செம மச்சான்" என்கிறார்கள். நிஜமாகவே நன்றாக இருக்கிறதா, நண்பன் என்பதால் சொல்கிறார்களா என்று புரியவில்லை. இன்னொன்று, வேஷம் போட்டால் வெளுத்துக் கட்டுவேன், நானாக நின்று "வணக்கம் மக்களே" என்று சொல்லச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இதுகூட வராதவன் என்ன காமெடியன் என்று வீட்டில் கேட்கிறார்கள். பழைய பிரிட்டிஷ் 'டூ ரானீஸ்' வீடியோக்களைப் பார்த்து, அதில் வரும் அந்தக் குண்டு மனிதர் ரானி பார்க்கர் மேல் பைத்தியமாக இருக்கிறேன். அவர் மாதிரி ஆக என்ன செய்ய வேண்டும்?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறீர்கள். நீங்கள் சொல்லியிருக்கும் இரண்டு பிரச்சினையும் ரானி பார்க்கருக்கும் இருந்தது, அதுவும் ஊரெல்லாம் அவரைத் தெரிந்துகொண்ட பிறகு.

முதல் பிரச்சினையை அவர் தீர்த்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1968-ல் டேவிட் ஃப்ராஸ்ட் நடத்திய 'ஃப்ராஸ்ட் ஆன் சண்டே' நிகழ்ச்சியில் அவர் ஒரு நடிகர். தானும் எழுதலாம் என்று ஆசை. ஆனால் நிகழ்ச்சியின் முகங்களில் ஒருவர் எழுதிக் கொடுத்தால் யார் முகத்துக்கு நேராக 'இது சுமார்' என்று சொல்வார்கள்? அதனால் ஜெரால்ட் வைலி என்று ஒரு ஆளைக் கற்பனையாக உண்டாக்கி, தன்னுடைய ஏஜென்ட் மூலமாக ஸ்கிரிப்டுகளை அனுப்ப ஆரம்பித்தார். அவை எடுபட்டன. யாரப்பா இந்த வைலி என்று ஸ்டூடியோவுக்குள் ஒரே பேச்சு, நாடக ஆசிரியர் டாம் ஸ்டாப்பர்ட் பெயர்கூட அடிபட்டது. கூட நடித்த ரானி கார்பெட்டுக்கு அதில் ஒரு ஸ்கெட்ச், அதாவது குட்டிக் காமெடி நாடகம், பிடித்துப்போய் உரிமையை விலைக்குக் கேட்க, வைலி தரப்பில் மூவாயிரம் பவுண்டு என்று பதில் வந்தது. கார்பெட்டுக்குக் கட்டுப்படியாகவில்லை. வைலியோ, அதாவது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பார்க்கர், பிற்பாடு அதைச் சும்மாவே கொடுத்துவிட்டார்! கடைசியில் ஸ்டூடியோவுக்கு எதிரே இருந்த சீன உணவகத்தில் எல்லோரையும் விருந்துக்கு அழைத்தார் 'வைலி'. வந்தவர்கள் ஆளாளுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, பார்க்கர் எழுந்து நின்று 'அது நான்தான்' என்றார். அப்போதும் சிலர் நம்பவில்லை, இதுவும் ஒரு ஜோக் என்று நினைத்துவிட்டார்கள்.

உங்களுக்கு ஏஜென்ட் தேவையில்லை. உங்கள் குழுவுக்குத் தெரிந்த, ஆனால் வாயைத் திறக்காத ஒரு ஆள் போதும். 'என் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் எழுதினார், சரியாக இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்' என்று அவர் கொடுக்கட்டும். அந்த ஸ்கிரிப்டைப் படிக்கும்போது நீங்களும் அங்கே இருங்கள், மூஞ்சியில் எதையும் காட்டாமல். எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் போனை எடுத்தார்கள் என்று பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். முகம் கொஞ்சம் சுருங்கும், பரவாயில்லை.

ஆனால் ஒன்று. வைலி கதை கேட்க ஜாலியாக இருக்கிறது என்பதற்காக அதற்கு முந்தைய இருபது வருஷத்தைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். 1929-ல் பெட்ஃபோர்டில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் வளர்ந்தவர், கட்டடக்கலை படிக்கப் போய் நமக்கு இது வராது என்று கொஞ்ச நாளிலேயே விட்டார், அப்புறம் வங்கியில் குமாஸ்தா. 1948-ல் எய்ல்ஸ்பரி என்ற ஊரில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஊர் நாடகக் குழுக்களில் ஒரு நாடகம் மேடையில் ஓடும்போதே அடுத்ததற்கு ஒத்திகை நடக்கும், இந்த வாரம் கிழவன் என்றால் அடுத்த வாரம் போலீஸ்காரன். நடுவில் வேலையில்லாமல் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் வேலையும் பார்த்திருக்கிறார். பிறகு வானொலி, பிறகு 1966-ல் 'ஃப்ராஸ்ட் ரிப்போர்ட்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி. ஜான் கிளீஸ், பார்க்கர், கார்பெட் மூவரும் உயர வரிசையில் நின்று மேல்தட்டு, நடுத்தட்டு, அடித்தட்டு என்று பேசும் அந்தப் புகழ்பெற்ற ஸ்கெட்ச் அதில்தான் வந்தது. அதைப் பார்த்திருப்பீர்கள், பார்க்கவில்லை என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள்.

அடுத்து அந்த 'வணக்கம் மக்களே' விஷயம். 1971-லிருந்து 1987 வரை பிபிசியில் ஓடிய 'டூ ரானீஸ்' எப்படி ஆரம்பிக்கும்? இரண்டு ரானிகளும், அதாவது பார்க்கரும் கார்பெட்டும், மேஜைக்குப் பின்னால் செய்தி வாசிப்பவர்களாக உட்கார்ந்து பொய்ச் செய்திகளைப் படிப்பார்கள், முடிக்கும்போதும் அதே மேஜைதான். நிகழ்ச்சிக்கே அடையாளமாகிவிட்ட அந்த மேஜைக்குப் பின்னால் ஒரு சங்கடம் ஒளிந்திருந்தது. பார்க்கருக்குத் தானாக நின்று ரசிகர்களிடம் பேசவே வராது. செய்தி வாசிப்பவர் என்றால் அதுவும் ஒரு வேஷம்தானே, அப்படியென்றால் பிரச்சினை இல்லை. பெரிய நாற்காலியில் உட்கார்ந்து கதையை எங்கெங்கோ சுற்றி வளைத்துச் சொல்லும் பகுதி கார்பெட்டுக்கு. பார்க்கர் தனியாக வந்து பேசினால் ஏதோ ஒரு சங்கத்தின் செயலாளராகவோ அமைச்சராகவோதான் வருவார், பார்க்கராக வரமாட்டார். பதினாறு வருஷம் இப்படியே ஓட்டியிருக்கிறார். அதனால் வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள். முன்னுரை பேசும் வேலையை உங்கள் நண்பனிடம் விடுங்கள், அல்லது உங்களுக்கும் ஒரு மேஜை கண்டுபிடியுங்கள்.

நண்பன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். 1976-ல் வந்த 'ஃபோர் கேண்டில்ஸ்' ஸ்கெட்ச், ஹார்டுவேர் கடை. வாடிக்கையாளர் பார்க்கர், கடைக்காரர் கார்பெட். நாலு மெழுகுவத்தி கேட்கிறார் என்று நினைத்து இவர் எடுத்து வைக்க, அவர் கேட்டதோ 'ஃபோர்க் ஹேண்டில்ஸ்', தோட்டக் கருவிக்கான கைப்பிடி. இப்படியே ஒவ்வொரு சாமானுக்கும். எழுதியது ஜெரால்ட் வைலிதான். மறுபடி பார்க்கும்போது வசனத்தை விட்டுவிட்டு, சிரிப்பு யாரிடம் வருகிறது என்று கவனியுங்கள். பார்க்கர் முகத்தை மரம் மாதிரி வைத்துக்கொண்டு பட்டியலைக் கேட்டுக்கொண்டே போகிறார், பொறுமை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க் கொதிப்பது கார்பெட். எழுதியவர் நல்ல பங்கைக் கூட்டாளிக்குக் கொடுத்துவிட்டார். உங்கள் ஸ்கிரிப்டில் உங்கள் நண்பனுக்கு என்ன இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள், அவன் 'செம மச்சான்' என்று சொல்லிவிட்டு அரை மனதோடு நடிக்கிறானா என்பதற்கும் அதில் பதில் இருக்கலாம். (அந்தக் கையெழுத்துப் பிரதி 2007-ல் 48,500 பவுண்டுக்கு ஏலம் போனது. பார்க்கர் இறந்த பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்த நினைவுக் கூட்டத்தில், வழக்கமான இரண்டு மெழுகுவத்திக்குப் பதில் நான்கை ஏந்தி வந்தார்கள். அங்கேயும் ஜோக்!)

இவ்வளவு எழுதத் தெரிந்தவர், தன் உச்சமான வேஷத்தைத் தானே எழுதவில்லை என்பதையும் பாருங்கள். 'பாரிட்ஜ்' தொடரின் கைதி ஃப்ளெட்சரை எழுதியவர்கள் டிக் கிளெமென்ட்டும் இயன் லா ஃப்ரெனேயும். 'ஓப்பன் ஆல் அவர்ஸ்' கஞ்சக் கடைக்காரரை எழுதியது ராய் கிளார்க். அடுத்தவன் ஸ்கிரிப்ட் நன்றாக இருந்தால் வாங்கி நடித்தார், அவ்வளவுதான்.

'அவர் மாதிரி ஆக' என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவரைக்கும்? 1987-ல், மார்க்கெட் கொஞ்சமும் குறையாதபோது, கார்பெட்டிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு எல்லாவற்றையும் விட்டார். சிப்பிங் நார்ட்டன் என்ற சின்ன ஊரில் மனைவியோடு பழம்பொருள் கடை வைத்தார். கடையில் பெரிய லாபமும் இல்லை. 2002-ல் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் சர்ச்சிலின் பணியாளராக வந்தது மாதிரி ஒன்றிரண்டு வேஷம், 2005-ல் பழைய ஸ்கெட்சுகளைத் தொகுத்து ஒரு நிகழ்ச்சி, அதே வருஷம் அக்டோபரில் போய்விட்டார், 76 வயது. எனக்கென்னவோ அந்தக் கடை முடிவு அவருடைய ஸ்கெட்சுகளை விடவும் துணிச்சலாகத் தெரிகிறது, ஆனால் அது உங்களுக்கு இப்போது வேண்டாத பாடம். நீங்கள் இன்னும் கடையே திறக்கவில்லை.

அடுத்த ஸ்கிரிப்டை வேறு பெயரில் அனுப்புங்கள். யார் மூலமாக அனுப்புவது என்று யோசிக்கும்போது உங்கள் தங்கையை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள், சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். முடிவு என்ன ஆனாலும் எழுதுங்கள்.