ஆரம்பப் பிரிவு ஆசிரியையிடம் கேளுங்கள்: பிள்ளை வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்டீர்களா?

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் பன்னிரண்டு ஆண்டுகள், வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரையில் பத்தொன்பது ஆண்டுகள். முப்பத்தொரு ஆண்டும் சின்ன வகுப்புகளுக்குத்தான் படிப்பித்தேன். வந்த கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய்: மகன் தரம் 3. எழுத்தெல்லாம் தெரியும், சேர்த்து வாசிக்க வருவதில்லை. மூளை குறைவோ என்று பயமாக இருக்கிறது, ரீச்சர்.

அந்தச் சொல்லை இனி வீட்டில் எடுக்காதீர்கள், தங்கச்சி. சுவருக்கும் காது உண்டு, பிள்ளைக்கு இல்லாமலா போகும்?

தமிழில் 247 எழுத்து என்று சொல்லியே பிள்ளைகளைப் பயப்படுத்திவிடுகிறோம். அவன் அறிய வேண்டியவை 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். பிறகு உயிர் மெய்யோடு சேரும்போது வருகிற குறிகள். பிள்ளை தடுக்கி விழுவது அந்தக் குறிகளில்தான். ‘கொடி’ என்ற சொல்லைப் பாருங்கள். வாயில் முதலில் பிறப்பது க். தாளிலோ முதலில் நிற்பது கொம்பு, அடுத்தது க, அதற்குப் பிறகு கால். கண் இடமிருந்து வலமாகப் போகிறது, ஒலி அந்த வழியால் போவதில்லை. ‘கெ... கா... டி’ என்று வாசிக்கிற பிள்ளை கண்டதைக் கண்டபடி நேர்மையாக வாசிக்கிறான்.

ஒரு மட்டையின் நடுவில் சதுரமாக ஓட்டை வெட்டுங்கள். ஓட்டைக்கு இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலும் எழுதுங்கள். பின்னால் ஒரு கடதாசிக் கீற்றில் க, த, ப, ம என்று எழுதி இழுத்து இழுத்துக் காட்டுங்கள். கொ, தொ, பொ, மொ. இரண்டு பக்கமும் சேர்ந்துதான் ஓர் ஒலி என்பது அவன் கண்ணுக்குப் பிடிபடும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் அடுப்படியிலிருந்து குரல் கொடுக்காமல் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

திருக்கோவிலிலிருந்து ஒரு தந்தை: எங்களை அடித்துத்தான் படிப்பித்தார்கள். நாங்கள் கெட்டா போய்விட்டோம்?

கெட்டுப்போகவில்லை, தம்பி. பயந்து பாதியில் நின்றுபோன உங்கள் வகுப்புத் தோழர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க வரமாட்டார்கள், அவ்வளவுதான்.

நானும் அடித்திருக்கிறேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, வாவியோரத்துப் பாடசாலை ஒன்று. கடைசி வாங்கில் இருந்த பையன் மூன்றாவது நாளாகக் கொப்பி கொண்டுவரவில்லை. கையை நீட்டச் சொல்லி அடிமட்டத்தால் இரண்டு போட்டேன். அவன் அழவில்லை. மேசைக்குத் திரும்பிய பிறகுதான் பார்த்தேன், அடிமட்டத்தின் விளிம்பில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. இரவு முழுவதும் தகப்பனோடு தோணியில் இருந்து வலை இழுத்துவிட்டு, கையைச் சரியாகக் கழுவக்கூட நேரமில்லாமல் பாடசாலைக்கு ஓடிவந்திருக்கிறான். வராமல் இருந்திருக்கலாம், ஆனால் வந்தான். வந்தவனுக்கு நான் கொடுத்தது அதுதான். அதன் பிறகு நான் பிரம்பையோ அடிமட்டத்தையோ தூக்கவில்லை. பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொன்னது. சுற்றறிக்கை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தச் செதில் எனக்குச் சொல்லிவிட்டது.

வாழைச்சேனையிலிருந்து ஒரு தாய்: தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் மகளுக்கு வெட்டுப்புள்ளிக்கு நான்கு புள்ளி குறைந்துவிட்டது. அவள் யாரோடும் பேசுவதில்லை.

முதலில் நீங்கள் பேசுங்கள். அந்தப் பரீட்சை வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு உதவிப் பணமும், நல்ல வசதியுள்ள பாடசாலையில் இடமும் கிடைக்க ஒரு வழி. குடும்ப மானத்தை அளக்கிற மரக்கால் அல்ல. சித்தியடைந்த பிள்ளைகளின் படத்தைப் பதாகையில் போட்டுச் சந்தியில் கட்டுகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கும். படம் இல்லாத பிள்ளைகளும் அந்த வழியால்தானே தினமும் நடந்து போகிறார்கள்? அவர்களுக்கும் பத்து வயதுதான். தரம் 6க்குப் புதுக் கொப்பி வாங்க அவளையே கடைக்குக் கூட்டிப் போங்கள். உறையை அவள் தெரிவு செய்யட்டும்.

படுவான்கரையில் முதல் நியமனம் பெற்ற ஆசிரியை: தரம் 4 பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு ஒன்றும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது, ரீச்சர்?

அவர்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து, மகள். ஆறு நாலு எத்தனை என்று கேட்டால் கூரையைப் பார்க்கிற ஒரு பையன் என் வகுப்பில் இருந்தான். அவன் வீட்டில் எருமைத் தயிர் வியாபாரம். “தயிர்ச்சட்டியை நாலு நாலாக அடுக்கி ஆறு அடுக்கு வைத்தால் எத்தனை சட்டி?” என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “இருபத்துநாலு, ரீச்சர். ஆனால் நாங்கள் ஆறு அடுக்கு வைக்கமாட்டோம், அடிச்சட்டி உடையும்” என்றான். கரும்பலகையில் 6 × 4 = 24 என்று எழுதி, நீ இப்போது சொன்னது இதுதான் என்றேன். எழுந்துவந்து அந்த இலக்கங்களை விரலால் தொட்டுப் பார்த்தான்.

வாய்ப்பாடு மனப்பாடமாக வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முதல் மாதம் பிள்ளைகளைப் பேசவிட்டுக் கேளுங்கள். வயல், தோணி, மாடு, கூத்துக்களரி என்று எல்லாவற்றிலும் கணக்கு இருக்கிறது.

அக்கரைப்பற்றிலிருந்து ஓர் உம்மா: வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்கிறார் பிள்ளையின் வாப்பா. சரியா?

ஆங்கிலம் கட்டாயம் படிக்கட்டும். ஆனால் உம்மாவும் வாப்பாவும் தடுமாறிப் பேசுகிற மொழியில் பிள்ளை கோபத்தையும் பயத்தையும் எப்படிச் சொல்லும்? பக்கத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, தமிழில் பண்டிதர். ஒன்றைப் பிடிக்க மற்றதை அவர் விடவில்லை. வீட்டில் தமிழில் கதை சொல்லுங்கள்.

குவைத்திலிருந்து ஒரு தாய், சொந்த ஊர் வாகரை: மகள் தரம் 2, அம்மம்மாவிடம் இருக்கிறாள். அம்மம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. தூரத்தில் இருந்து நான் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம், மகள். அம்மம்மாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன, கேட்கத் தெரியும். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். “பிறகு என்ன நடந்தது?” என்று அவர் கேட்டால் போதும், அடுத்த பக்கம் தானாகத் திரும்பும்.

உங்கள் பங்குக்கு ஒரு நேரத்தைக் குறியுங்கள். இங்கே இரவு எட்டு மணி என்றால் அங்கே மாலை ஐந்தரை. வேலை நெருக்கடியில் அழைக்க முடியாத நாளில் அவள் வாசிப்பதைக் குரல் பதிவாக அனுப்பட்டும், படுக்கப் போகும்போது கேளுங்கள். மறுநாள், அந்தப் பக்கத்தில் வந்த முயலையோ கிளியையோ பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். அம்மா கேட்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். பிழைகளை நீங்கள் திருத்த வேண்டாம். அதை வகுப்பில் ரீச்சர் பார்த்துக்கொள்வார்.