நிபுணரிடம் என்ன கேட்பது?

அன்புள்ள ஐயா,

இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இணையத்தில் நடக்கும் சூழலியல் உரையாடல்களைக் கேட்டு வருகிறேன். பருவநிலை, நீர், விதை, மின்சாரம் என்று வாரத்துக்கு ஒரு நிபுணர் வருகிறார். குறிப்பெடுத்து நோட்டுப் புத்தகங்கள் நிறைந்துவிட்டன. என் ஊரில் ஒரு செங்கல் கூட அசையவில்லை.

எங்கள் ஊர் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. ஊருக்கு மேற்கே ஏற்கனவே கல்குவாரியும் கிரஷரும் உண்டு. இப்போது இன்னொரு குவாரிக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள், கருத்துக்கேட்புக் கூட்டம் வரப்போகிறது என்று பேச்சு. போன மாதம் ஓர் உரையாடலின் கேள்வி நேரத்தில், "குவாரிகளால் கிராமங்கள் அழிவதை எப்படித் தடுப்பது?" என்று கேட்டேன். வளர்ச்சிக்கும் இயற்கைக்கும் இடையே சமநிலை வேண்டும், மக்களுக்கு விழிப்புணர்வு வர வேண்டும் என்றார் பேசியவர். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் மக்களுக்கும் விழிப்புணர்வு இல்லைதான். பக்கத்து ஊரில் நடந்த கருத்துக்கேட்பில் பாதிப் பேர் வேலை கேட்டார்கள், மீதிப் பேர் கோவிலுக்கு நன்கொடை கேட்டார்கள்.

இந்த உரையாடல்களால் யாருக்காவது பயன் உண்டா? கேட்பதை நிறுத்திவிடலாமா?

ம.,
பள்ளி ஆசிரியை

அன்புள்ள ம. அவர்களுக்கு,

நிறுத்த வேண்டாம். ஆனால் அடுத்த ஞாயிறு கேள்வி நேரம் வரும்போது உங்கள் கையில் ஒரு காகிதம் இருக்கட்டும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு எந்தப் புவியியல் அறிஞரும் அந்தப் பதிலைத்தான் சொல்லியிருப்பார். கேள்வியில் ஊர் இல்லை, தூரம் இல்லை, அளவு இல்லை. அவரிடம் இருக்கும் படிப்பு வெளியே வர அதில் வழியே இல்லை. இதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "எங்கள் தெருவிலிருந்து குவாரி எல்லை இவ்வளவு தூரம். மதியம் வெடி வைக்கிறார்கள். மண் சுவரில் விரிசல் விடுகிறது. விரிசலுக்கு வெடிதான் காரணம் என்று காட்ட நாங்கள் எதைக் குறித்து வைக்க வேண்டும்?" இதற்குச் சமநிலை என்று யாரும் பதில் சொல்ல முடியாது. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், வெடிச் சத்தம் கேட்ட நேரத்தைத் தினமும் குறியுங்கள், குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத சாதாரண வீடுகளுக்கு அருகே, குறைந்த அதிர்வெண்ணில், நில அதிர்வு நொடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் வரம்பு இருக்கிறது, அதை அளக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று சொல்வார். அந்தப் பதிலோடு நீங்கள் மறுநாளே வேலையைத் தொடங்கலாம்.

கருத்துக்கேட்பு வரப்போகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் அந்தக் குவாரி 5 ஹெக்டேருக்கு மேல் இருக்க வேண்டும். அல்லது, 500 மீட்டருக்குள் இருக்கும் மற்றக் குவாரிகளையும் சேர்த்தால் 5 ஹெக்டேரைத் தாண்ட வேண்டும். நிலத்தைத் துண்டு போட்டு விண்ணப்பித்துக் கருத்துக்கேட்பிலிருந்து தப்புவதைத் தடுக்கத்தான் இந்தச் சேர்ப்புக் கணக்கு வந்தது. பக்கத்தில் எத்தனை குவாரி, யார் பேரில், எத்தனை ஹெக்டேர் என்று பட்டியல் போடுங்கள். அறிக்கையில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இதற்கு எந்தப் பட்டமும் வேண்டாம், மேற்கே ஒரு முறை போய் வந்தால் போதும்.

அறிக்கை என்று நான் சொல்வது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை. முழு அறிக்கை ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கம். தமிழில் ஒரு சுருக்கம் கட்டாயம் தர வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும், அந்த நாட்களில் ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் அறிக்கையைப் பார்க்கலாம். மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் நான்காம் பின்னிணைப்பில் இதெல்லாம் இருக்கிறது. எனக்கு அதில் மிகப் பிடித்த வரி, கூட்டத்துக்கு வந்த ஒவ்வொருவருக்கும் விண்ணப்பதாரரிடம் விளக்கம் கேட்க வாய்ப்புத் தர வேண்டும் என்பது. ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும். நடந்ததை எழுதி, கூட்டம் முடியும்போது அங்கேயே உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். வீடியோ எடுக்க வேண்டும். சாமானியர் ஒருவர் எழுந்து நின்று நிபுணரைக் கேள்வி கேட்கவும், அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் பெறவும் இந்த நாட்டில் சட்டம் ஏற்பாடு செய்திருக்கும் உரையாடல் இதுதான். ஞாயிற்றுக்கிழமை உரையாடல்களை இதற்கான ஒத்திகையாகப் பாருங்கள்.

இங்கே ஒரு சமனின்மை இருக்கிறது, அதைப் பேசாமல் மேலே போக முடியாது. அறிக்கையை எழுதும் ஆலோசனை நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பது குவாரி கேட்பவர். மேடையில் நீர், காற்று, ஒலி, உயிரினம் என்று ஆளுக்கொரு துறை படித்தவர்கள் அவர் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே, அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த சனங்கள். அவர்கள் பக்கம் ஒரு நிபுணரும் கிடையாது. இணைய உரையாடல்களில் பேச வருகிறவர்களில் பலர் பணம் வாங்காமல் வருகிறார்கள். அவர்களுடைய அரை மணி நேரம் உங்கள் ஊர் அறிக்கையின் மேல் செலவாக வேண்டும். பூமியின் எதிர்காலம் பற்றிய பொதுப் பேச்சுக்கு அந்த அரை மணியைக் கொடுத்துவிடுவது எனக்கு வேதனையாக இருக்கிறது. நடத்துகிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்: கேள்விகளை முன்கூட்டியே வாங்குங்கள், வரைபடத்தோடு வாங்குங்கள், மூன்று ஊரை மட்டும் எடுத்துக்கொண்டு ஆழமாகப் பேசவிடுங்கள்.

அறிக்கையில் எதைத் தேடுவது என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். அடிப்படைத் தரவு என்ற அத்தியாயம் இருக்கும். நீர், காற்று, ஒலி, மண் எல்லாவற்றையும் ஒரு பருவத்துக்கு, அதாவது மூன்று மாதத்துக்கு, அளப்பார்கள். மழைக்காலத்தை விட்டுவிட்டு அளக்கலாம். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் தண்ணீர் ஓடும் ஓடை இருக்கும். மாசியில் வந்து அளப்பவருக்கு அது மணல் பள்ளம். அந்த ஓடை எந்த ஏரிக்குப் போகிறது, கடைசியாக ஏரி எப்போது நிரம்பியது, குவாரிக் கழிவு மண்ணைக் கொட்டினால் எந்த வாய்க்கால் அடைபடும் என்பது அறிக்கை எழுதியவருக்குத் தெரியாது. ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும். அவர் சொல்வதை நிலவரைபடத்தில் எப்படிக் குறிப்பது, எந்தப் பக்கத்தை மறுத்து எழுதுவது என்று நீரியல் படித்தவர் உங்களுக்குச் சொல்லித் தரலாம். தமிழ்நாட்டுச் சிறுகனிம விதிகளில், குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் கூடாது என்று இருக்கிறது. வரைபடத்தில் உங்கள் காலனி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பொதுவான உரையாடல்களே வீண் என்று நான் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இந்த 2006 அறிவிக்கைக்குப் பதிலாக ஒரு வரைவைக் கொண்டு வந்தது. நாடே ஊரடங்கில். வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். கருத்துக்கேட்புக்கான 30 நாள் அவகாசத்தை 20 நாளாகக் குறைப்பது, அனுமதி இல்லாமல் தொடங்கிய திட்டத்துக்குப் பின்னால் அனுமதி கொடுப்பது என்று பல ஆபத்துகள் அதில் இருந்தன. அந்த மே 7-ஆம் தேதிதான் விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் வாயு கசிந்து மக்கள் செத்தார்கள். அந்த ஆலை சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமலே ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் அடைபட்டிருந்த நாட்களில் வழக்கறிஞர்களும் சூழலியலாளர்களும் இரவு இரவாக இணையத்தில் வந்து, ஒவ்வொரு பிரிவாகத் தமிழில் விளக்கினார்கள். கல்லூரிப் பிள்ளைகள் மொழிபெயர்த்தார்கள். ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் வரைவை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் தரச் சொல்லி, காலக்கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. லட்சக்கணக்கில் கடிதங்கள் போயின. வரைவு இறுதி அறிவிக்கையாக வரவேயில்லை.

அந்தப் பேச்சுகள் ஏன் பலித்தன? கையில் ஓர் ஆவணம் இருந்தது, கடைசித் தேதி இருந்தது, கடிதம் போய்ச் சேர முகவரி இருந்தது. எந்தப் பிரிவு, அதனால் யாருக்கு என்ன என்றுதான் ஒவ்வொருவரும் கேட்டார்கள்.

பின்கதையையும் சொல்ல வேண்டும். கூட்டம் கலைந்த பிறகு, 2021 ஜூலை 7 அன்று, அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை போட்டது. அனுமதி இல்லாமல் தொடங்கிய திட்டங்களைப் பின்னால் முறைப்படுத்தும் வழி அதில் வந்துவிட்டது. இதற்காக இரவு உரையாடல்கள் நடக்கவில்லை. ஆனாலும் சிலர் அகலாமல் நின்றார்கள். சில நாட்களில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2025 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் குறிப்பாணையை ரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில், அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. ஒரு கேள்வி ஐந்து வருடம் இப்படி மேலும் கீழுமாகப் போய் வந்திருக்கிறது. பரபரப்பான தலைப்பு இருக்கும்போது மட்டும் கூடுகிற உரையாடலால் இதன் பின்னால் நடக்க முடியாது. ஓய்வு நேரத்தில் குறிப்பாணைகளைப் படித்துச் சொல்லும் இரண்டு பேர் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும் என்பது என் ஆசை. நீங்கள் அதில் ஒருவராக இருக்கலாம்.

உங்கள் மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று எழுதியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பதை நம் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. தோல் தொழில் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு அதில் இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளை ஒரு தன்னார்வ அமைப்பு பார்த்ததும், அவற்றில் 350 கெட்டிருந்ததும் அதே தீர்ப்பில் இருக்கின்றன. கிணறுகளைப் பார்த்து எழுதிய கணக்கை, படித்தவர்களின் ஆய்வுக்குச் சமமாக நீதிபதிகள் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் ஊரில் எத்தனை கிணறு? எதில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது? கயிறும் கல்லும் கட்டி உங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே அளந்துவிடலாம், உறை மேல் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும், மாதா மாதம் ஒரே தேதியில்.

வேலை கேட்டதையும் நன்கொடை கேட்டதையும் இளப்பமாக நினைக்காதீர்கள். மழை பொய்த்த ஊரில் கிரஷர் வேலைதான் அடுப்பெரிக்கிறது. அந்த வேலை என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கல் மாவில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்து தழும்பாக்கும். வந்த நோயைத் திருப்ப மருந்து கிடையாது. தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவது, கன்வேயரை மூடுவது, ஆண்டுக்கொரு முறை மார்பு எக்ஸ்ரே எடுப்பது இவற்றை முதலாளி செய்ய வேண்டும் என்று ஒரு தொழிலாளி கூட்டத்தில் எழுந்து கேட்டால், அதுவும் சூழலியல் கேள்விதான். ஒரு மருத்துவரை ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்து இதைப் பேசச் சொல்லுங்கள், கிரஷர் ஆட்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில். அவர்களும் நிலத்தை விற்காதவர்களும் எதிரெதிர் வரிசையில் உட்காரும் வரை குவாரிக்காரருக்கு ஒரு சிரமமும் இல்லை. நன்கொடை கேட்டவரையும் விட்டுவிடாதீர்கள், அவர் வீட்டிலும் ஒரு கிணறு இருக்கும்.

பயமும் இருக்கும், அதை நான் சின்னதாக நினைக்கவில்லை. லாரி வைத்திருப்பவர், கடன் கொடுத்தவர், பஞ்சாயத்தில் செல்வாக்கு உள்ளவர் எல்லாம் ஒரே பக்கம் நிற்பார்கள். பேச முடியாதவர்கள் எழுதிக் கொடுக்கலாம், கூட்டத்துக்கு முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து போய் ஒரே இடத்தில் உட்காருங்கள். கூட்டம் முடிந்ததும் எழுந்து போகாதீர்கள், நடவடிக்கைக் குறிப்பை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், நீங்கள் சொன்னது அதில் இல்லையென்றால் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த கிராம சபையிலும் தீர்மானம் வையுங்கள். வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது, தேதி முன்கூட்டியே தெரிந்ததுதான்.

அறிவிப்பு வந்ததும் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தையும், நீர் பற்றிய அத்தியாயத்தையும், வரைபடத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். நிலத்தடி நீர் படித்த நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள், படிக்கச் சொல்கிறேன். கிணற்றுக் கணக்கை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள், மழைக்கு முந்தைய அளவு கையில் இருந்தால்தான் அவர்களால் எதையாவது சொல்ல முடியும்.