மனஉறுதி இருந்தால் கிளினிக் எதற்கு?

கேள்வி: புகைப்பழக்கத்தை விட வைக்கும் கிளினிக்குகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே வருடத்துக்குள் மறுபடி சிகரெட்டைத் தொட்டுவிடுகிறார்கள். மனஉறுதி உள்ளவன் தானாகவே விடுவான், இல்லாதவனை யாராலும் திருத்த முடியாது. அப்புறம் இந்த கிளினிக்குகளால் என்ன பயன்?

பதில்: பெரும்பாலோர் மறுபடி தொடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் தனியாகப் போராடுபவர்களின் கணக்கையும் பாருங்கள். எந்த உதவியும் இல்லாமல் விட முயல்பவர்களில் வருடக் கடைசி வரை தாக்குப்பிடிப்பவர்கள் 100க்கு 3 முதல் 5 பேர்தான். மீதி 95 பேரும் உறுதியில்லாதவர்களா? நாளைக்கு 20 சிகரெட், ஒவ்வொன்றிலும் பத்து இழுப்பு என்றால், மூளைக்குத் தினமும் 200 தடவை நிக்கோட்டின் போகிறது. பல வருடம் அப்படிப் பழகிய மூளையிடம் போய் உறுதி போதாது என்று சொல்வது அநியாயம்.

1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓர் ஆய்வு தொடங்கியது. நுரையீரல் பாதிப்பு ஆரம்பித்திருந்த 5,887 புகைப்பவர்கள் அதில் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு டாக்டரின் அழுத்தமான அறிவுரை, 12 குழுக் கூட்டங்கள், நிக்கோட்டின் சூயிங்கம், அதன் பிறகும் வருடக்கணக்கில் விடாத தொடர்பு. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஐந்து வருடம் முழுக்கப் புகைக்காமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் சுமார் 22 சதவீதம், இரண்டாவதில் 5 சதவீதம். பதினான்கரை வருடம் கழித்து எண்ணியபோது முதல் பிரிவில் இறப்பும் குறைவு. விட முடியாமல் போனவர்களையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. நீங்கள் தோல்வி என்று ஒதுக்கும் திட்டம் உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

எல்லா கிளினிக்கும் இப்படி உழைப்பதில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். 'பாதிப்பேர் விட்டுவிட்டார்கள்' என்று எங்காவது விளம்பரம் பார்த்தால், எப்போது எண்ணினார்கள் என்று கேளுங்கள். நாலாவது வாரக் கணக்கும் ஒரு வருடக் கணக்கும் ஒன்றல்ல. வாய்வார்த்தையை நம்பினார்களா, புகைத்தவர் மூச்சில் காட்டிக்கொடுக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவை அளந்தார்களா என்றும் கேளுங்கள். மாத்திரையை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டு, அப்புறம் ஒரு போன்கூடச் செய்யாத இடத்துக்குப் போகாதீர்கள்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது மறுபடி ஆரம்பித்திருந்தால் திட்டாமல் கிளினிக்குக்கே திரும்ப அனுப்புங்கள். தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச் மட்டும் போதவில்லையென்றால் நிக்கோட்டின் சூயிங்கத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். அதுவும் பலிக்காவிட்டால் புகைக்கும் ஆசையைக் குறைக்கும் வாரெனிக்லின் மாத்திரை ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேட்கட்டும்.